பக்கத்து அருவிக்குப் பருவம் பார்த்து

பள்ளிக்கூடம் மூடியதும் பெட்டி கட்டுவது நம் குடும்பங்களின் வழக்கம். ஏப்ரல், மே என்றாலே ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு. வெயிலுக்குத் தப்பி மலையேறுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அருவியும் ஏரியும் பச்சைக் காடும் பார்க்கவேண்டும் என்று கிளம்புகிறவர்களுக்கு அதைவிடப் பொருந்தாத காலம் வேறில்லை. ஏற்காட்டில் கோடை விழா நடப்பது மே மாதத்தில். அங்குள்ள கிளியூர் அருவி பெரும்பாலான ஆண்டுகளில் அதே மாதத்தில் மெலிந்து, பாறையில் வழியும் ஈரமாகக் கிடக்கும். ஏற்காடு ஏரியின் உபரிநீரும் சுற்றுவட்டார ஓடைகளும் சேர்ந்து விழுவதே அந்த அருவி. ஏரியே இறங்கிக் கிடக்கும்போது அருவிக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? அதே இடத்தை அக்டோபர், நவம்பரில் நல்ல மழைக்குப் பிறகு பார்க்க, சேலத்துக்காரர் ஒருவருக்கு ஒரு காலைப்பொழுது போதும். தொலைவிலிருந்து வருகிறவருக்கோ விடுமுறை, விடுதி முன்பதிவு, ரயில் டிக்கெட் எல்லாம் கூடிவர வேண்டும்; மழை அவற்றுக்காகக் காத்திருப்பதில்லை. வீட்டிலிருந்து போய் அன்றே திரும்பக்கூடிய தொலைவில் உள்ள அருவியும் ஏரியும் மலையும் நமக்குத் தரும் பெரிய வசதி செலவுக் குறைவு என்றுதான் பலரும் நினைக்கிறோம். அதைவிடப் பெரியது, போகும் நாளை நாமே தேர்ந்துகொள்ள முடிவது. தமிழ்நாட்டு இயற்கையைக் காண அந்த ஒன்று இல்லாமல் முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

காரணம் நம் மழை. கேரளத்திலும் கர்நாடகத்தின் மேற்குப் பகுதியிலும் ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை மேற்குத்தொடர்ச்சி மலையில் மோதி அங்கேயே கொட்டிவிடுகிறது. மலைக்குக் கிழக்கே இருக்கும் நமக்கு அதன் மிச்சம்தான். ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. அதுவும் சீராகப் பெய்யாது, ஒரு புயல், ஒரு தாழ்வு மண்டலம் என்று நாலைந்து நாளில் அடித்துவிட்டுப் போகும். ஆகவே நம்மிடம் ஆண்டு முழுக்க ஒரே மாதிரி விழும் அருவிகள் குறைவு. பாபநாசத்தில் அகஸ்தியர் அருவி தாமிரபரணியின் தயவில் எப்போதும் நீரோடு இருப்பது விதிவிலக்கு. மற்றவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காலம் உண்டு. குற்றாலத்துக்கு ஆனி, ஆடி. கல்வராயன் மலையின் மேகம் அருவிக்கும் திருப்பத்தூர் அருகே ஜலகாம்பாறைக்கும் ஐப்பசி, கார்த்திகை. ஒகேனக்கல்லுக்கோ கர்நாடக அணைகள் திறக்கும் நாள்தான் கணக்கு. காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் நீர்வரத்து கூடினால் பரிசலுக்குத் தடை, குறைந்தால் அனுமதி. காலண்டரில் மூன்று மாதம் முன்பே வட்டம் போட்டு வைத்துவிட்டு இவற்றைப் பார்க்கப் போவது பெரும்பாலும் ஏமாற்றத்தில் முடியும், சிலசமயம் ஆபத்தில்.

குற்றாலத்தைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் இது விளங்கும். மலைக்கு மேற்கே பெய்கிற மழை செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கொஞ்சம் இந்தப் பக்கம் நழுவி வருகிறது. தென்காசி வட்டாரமே ஜூனில் குளிர்ந்துபோய், வெயிலும் தூறலுமாக மாறிமாறிச் சாரல் அடிப்பது அதனால்தான். முப்பது நாற்பது கிலோமீட்டர் கிழக்கே போனால் அதே நாளில் அனல் காற்று வீசும். சிற்றாறு பேரருவியாக விழும்போது நேராகத் தரைக்கு வருவதில்லை. பாதி வழியில் பாறை குடைந்து உண்டான பொங்குமாங்கடல் என்ற ஆழமான பள்ளத்தில் முதலில் விழுந்து, வேகம் அடங்கி, பொங்கி வழிந்து, அகலமாகப் பரவிக் கீழே இறங்குகிறது. அந்தத் தொட்டி இல்லாவிட்டால் அத்தனை உயரத்திலிருந்து விழும் தண்ணீரில் யாரும் தலை நீட்ட முடியாது. மேலே சாரல் நின்று இரண்டு மூன்று நாள் வெயில் அடித்தால் நீர் நூலாகிவிடும். ஒரே இரவு மழைக்கு, அருவிக்கு முன்னால் உள்ள பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டி விழுந்து, குளிக்கத் தடை வந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற நல்ல நாட்கள் எவை என்று தென்காசிக்காரருக்கும் கடையநல்லூர்க்காரருக்கும் காலையில் மலையைப் பார்த்தாலே தெரியும். சென்னையிலிருந்து ஒரு வாரம் முன்பு டிக்கெட் போட்டவருக்கு அது அதிர்ஷ்டம்.

அருவி மேற்கு மாவட்டங்களின் சொத்து, கடலோரத்துக்கும் டெல்டாவுக்கும் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஏரி இருக்கிறது. மாநிலத்தில் சுமார் 39,000 ஏரி, கண்மாய், குளங்கள் பாசனத்துக்காக வெட்டப்பட்டவை. மலையும் அருவியும் இல்லாத திருவாரூர் மாவட்டத்தில் வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் என்று இரண்டு ஏரிகள் உலகளவில் முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்தன. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி 2024-இல் சேர்ந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தின் வேடந்தாங்கல் வெறும் 30 ஹெக்டேர் ஏரிதான். மழை நீரில் பாதி முங்கி நிற்கும் மரங்களின் மேல் நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் கூடுகட்டுவதற்குக் காரணம் உண்டு: சுற்றிலும் தண்ணீர் நின்றால் பாம்பும் நரியும் காட்டுப்பூனையும் குஞ்சுகளிடம் எளிதில் போக முடியாது. ஏரி நிறையாத ஆண்டில் பறவையும் குறைந்துவிடும். பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாகும் என்பதை ஊர்க்காரர்கள் அறிந்திருந்ததால், சரணாலயச் சட்டம் எதுவும் வருவதற்கு முன்பே, 1798-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டர் லயனல் பிளேஸிடமிருந்து பறவைகளைக் காக்கும் உரிமையை வாங்கி வைத்தார்கள்.

பெயர் பெற்ற சரணாலயமே வேண்டும் என்பதும் இல்லை. மார்கழியில் நிறைந்து நிற்கும் எந்தப் பாசன ஏரியின் கரையிலும் ஒரு மணி நேரம் நடந்தால் பார்க்க நிறைய உண்டு. ஒரு கோடியில் கலிங்கு, தென் மாவட்டங்களில் மறுகால் என்பார்கள். ஏரி கொள்ளளவைத் தாண்டினால் அந்தக் கல்வரிசையின் மேல் நீர் வழுக்கிக்கொண்டு கால்வாயில் இறங்கி, அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்ததற்கு. புதுத்தண்ணீர் வழியும் அந்தச் சில நாட்கள், கீழேயிருந்து மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்துக் கலிங்கின் மேல் துள்ளி ஏறப் பார்க்கும். பிள்ளைகள் வலையும் துண்டுமாக நிற்பார்கள். பழைய ஏரிகள் சிலவற்றில் கரையை ஒட்டி நீருக்குள் இரட்டைக் கல்தூண்கள் தெரியும், குமிழித்தூம்பு. தெளிந்த நீரை ஒரு துளை வழியாகவும் வண்டலை வேறு துளைகள் வழியாகவும் வெளியேற்ற முன்னோர் கண்ட ஏற்பாடு அது. தண்ணீர் ஏறி இறங்கும் காலத்தில் அருகில் நின்றால்தான் அது எப்படி வேலை செய்திருக்கும் என்பது மண்டையில் ஏறும்.

மலைக்கு வரும்போது பருவம் பார்ப்பது உயிர் சம்பந்தப்பட்டதாகிவிடுகிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். சென்னை, ஈரோடு, திருப்பூர் பக்கங்களிலிருந்து வாரவிடுமுறைக்கு மலையேற வந்தவர்கள் அவர்கள். அனுமதி, வழி, வழிகாட்டல் என்று அதில் பல பிழைகள் பேசப்பட்டன. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது மாதம். மார்ச்சில் அந்தச் சரிவுகளில் ஆளுயரப் புல் காய்ந்து சருகாக நிற்கும். தீ சமவெளியைவிடச் சரிவில் மேல்நோக்கி வேகமாக ஓடும், ஏனென்றால் கீழே எரிவதன் அனல் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுகிறது. அந்த ஓட்டத்தை மனிதரால் மிஞ்ச முடியாது. இந்தப் பாடத்தை வனத்துறை ஏற்றுக்கொண்டது தெரிகிறது. 2024 அக்டோபரில் அரசு 40 மலையேற்றப் பாதைகளை இணையப் பதிவோடும் உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாகக் கொண்டும் திறந்தது. 2025-இல் காட்டுத்தீக் காலமான பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை அவற்றை மூடியும் வைத்தது. மலையடிவாரத்தில் வாழ்கிறவருக்கு இந்த மூடலால் நஷ்டமில்லை. டிசம்பரிலோ ஜனவரியிலோ போய்க்கொள்வார்.

பக்கத்தில் இருப்பதில் பார்க்க என்ன இருக்கிறது, தினமும் பஸ்ஸில் போகும்போது தெரிகிற மலைதானே என்ற எண்ணமே பலரைத் தடுக்கிறது. பிரம்மாண்டம்தான் அளவுகோல் என்றால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. இமயத்தோடு கொல்லிமலை போட்டியிடாது. ஆனால் நாம் ஊரைவிட்டுக் கிளம்புவது மனம் ஆறுவதற்கும் உடல் தேறுவதற்கும் என்றால் விஷயம் வேறு. விடுமுறைப் பயணத்தின் நன்மை வேலைக்குத் திரும்பியபின் எத்தனை நாள் தங்குகிறது என்று நெதர்லாந்து ஆய்வாளர் ஜெஸிகா டி ப்ளூம் முதலானோர், அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 2009-இல் பார்த்தார்கள். நன்மை உண்டு, ஆனால் விரைவில் கரைந்துவிடுகிறது என்பது முடிவு. இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் எடுத்த கணக்கை வைத்து 2019-இல் வெளியான மற்றோர் ஆய்வு, வாரத்துக்கு மொத்தமாக இரண்டு மணி நேரமாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்கள் தம் உடல்நலமும் மனநிறைவும் நன்றாக இருப்பதாகச் சொல்வது அதிகம் என்று கண்டது. நலமாக இருப்பவர்களே வெளியே அதிகம் போகிறார்களோ என்ற சந்தேகத்தை அந்த ஆய்வு முழுதாகத் தீர்க்கவில்லை. இங்கிலாந்தின் பூங்காவும் நம் வெயிலும் ஒன்றல்ல என்பதும் சரி. என்றாலும் இரண்டையும் சேர்த்து வைத்தால், ஆண்டுக்கு ஒரு பெரிய பயணம் வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஈடாகாது என்று சொல்லத் தடையில்லை. அடிக்கடி போவதற்குப் பக்கத்து இடம்தான் தோது.

ஆபத்து என்ற மறுப்பு இதைவிடக் கனமானது, அதை மழுப்பக் கூடாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று பெருகிய வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. அந்தக் காலத்தில் கோடைமழை பெய்துகொண்டிருந்தது. அருவிக்கு மேலே உள்ள நீர்பிடிப்பு செங்குத்தான பாறைப் பரப்பு. மழை மண்ணுக்குள் இறங்க இடமில்லாமல் அத்தனையும் ஒரே ஓடையில் சேர்ந்துவிடும். உச்சியில் கொட்டும்போது கீழே வானம் வெளுத்தே இருக்கலாம். தெளிந்த நீர் சட்டென்று செம்மண் நிறமாவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் மாறுவது இவை அறிகுறிகள். இவற்றைக் கண்டபின் துணியை எடுக்கக்கூட நிற்காமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். ஏரியில் வேறு மாதிரி. சவுடு அள்ளிய பள்ளங்கள் நிறைந்த நீருக்கடியில் தெரியாது, முழங்கால் ஆழம் என்று நடந்தவர் அடுத்த அடியில் ஆளை முழுக்கும் குழியில் இருப்பார். கலிங்கின் கல் முழுக்கப் பாசி. இவ்வளவு தெரிந்தபின்னும் போகச் சொல்வது ஏன் என்றால், இத்தகைய இடங்களில் வெளியூர்க்காரர் பொதுவாகச் செய்கிற தவறு ஒன்று உண்டு: இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், குளிக்காமல் எப்படித் திரும்புவது என்பது. எட்டு மணி நேரம் பயணம் செய்து, பணம் கட்டி வந்த ஒருவர் தடைக் கயிற்றைத் தாண்டத் துணிவது இந்த நினைப்பில்தான். இருபது கிலோமீட்டரில் வீடு இருக்கிறவருக்கு இந்த நெருக்கடி இல்லை. இன்று தண்ணீர் சரியில்லை, அடுத்த வாரம் வருவோம் என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடலாம்.

எல்லோரும் பக்கத்து இடங்களுக்குக் கிளம்பினால் அவையும் கெட்டுப்போகாதா என்பது மூன்றாவது கேள்வி. இயற்கையின் மேல் அக்கறை உள்ளவர்களே இதைக் கேட்கிறார்கள். பாறையிடுக்கில் உடைந்த மதுபாட்டில்களும் ஷாம்பூ பாக்கெட்டுகளும் கிடக்கும் அருவிகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் நியாயம். ஆனால் இன்று நடப்பது என்ன? கூட்டம் இரண்டு மூன்று பெயர்களின் மேல் மட்டும் விழுகிறது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து சென்னை உயர்நீதிமன்றம் இ-பாஸ் கட்டாயமாக்கியது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வாரக்கடைசியில் 8,000 வாகனங்கள் என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் உச்சவரம்பு வைத்தது. ஒரு மலையின் தாங்குதிறனை நீதிமன்றம் வாகனக் கணக்கில் அளந்து கொடுக்கும் நிலை வந்திருக்கிறது. அந்த வாகனங்களில் வருகிறவர்களுக்குத் தங்கும் அறை, குளிக்கச் சுடுநீர், நிறுத்த இடம், மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் அந்தச் சரிவிலேயே கண்டாக வேண்டும். காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர் மலையிடம் கேட்பது இதில் சிறு பங்கு. குப்பை போடுவதில் உள்ளூர்க்காரரும் உத்தமர் அல்ல, அது உண்மை. அவரைத் திருத்த பஞ்சாயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வழி இருக்கிறது, அவர் மறுபடி வருவார். ஒரே ஒருமுறை வந்து போகிறவரிடம் யார் என்ன பேச முடியும்?

மறுபடி மறுபடி வருகிறவர்களால் ஒரு மலைக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு அரிட்டாபட்டி அண்மைச் சான்று. மதுரையிலிருந்து 25 கிலோமீட்டர் அளவில், மேலூர் வட்டத்தில் ஏழு குன்றுகளும் பல குளங்களும் சுனைகளும் உள்ள ஊர். சமணப் படுகை, தமிழிக் கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரை எல்லாம் ஒரே இடத்தில். பறவை பார்க்கிறவர்கள் லகுடு வல்லூறு உள்ளிட்ட அரிய வேட்டைப் பறவைகளை அங்கே பதிவு செய்திருக்கிறார்கள்; அங்கு கண்டறியப்பட்ட பறவை வகைகள் சுமார் 250. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் ஏறத்தாழ 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. இரண்டே ஆண்டில், அந்த நிலத்தையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி ஏலம் போனது. கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன, சட்டமன்றமும் போட்டது, 2025 ஜனவரியில் ஊர் ஊராக மக்கள் மதுரைக்கு ஊர்வலம் வந்தார்கள். அம்மாதம் 23-ஆம் தேதி ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. போராட்டத்தின் உயிர் அந்த ஊர் விவசாயிகளே, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் குன்றில் என்ன இருக்கிறது என்ற பட்டியல் ஒரு நாளில் எழுதப்பட்டதல்ல. ஆண்டுக்கணக்காக ஏறி இறங்கியவர்களிடம் அது இருந்தது. வாதாட வேண்டிய நேரத்தில் கையில் சான்று இருந்தது. தமிழ்நாட்டில் கல்குவாரியால் பாதி தின்னப்பட்ட குன்றுகள் எத்தனையோ. அவற்றில் பலவற்றின் மேல் பக்கத்து ஊர்க்காரர்கள்கூடப் பல ஆண்டு ஏறியிருக்க மாட்டார்கள்.

இதில் இன்னும் தீராத ஒரு நியாயமான குறை, இந்த அரைநாள் பயணம் இப்போதைக்கு இருசக்கர வண்டி வைத்திருக்கும் இளைஞர்களுக்கே எளிது என்பது. கொல்லிமலை ஆகாயகங்கைக்குச் செல்ல 70 கொண்டை ஊசி வளைவு கடந்து, பிறகு ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கி ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ள அம்மாவால் ஆகாது. ஏரிக்கரை அவருக்கு ஏற்றது, நிழலும் உட்காரத் திண்ணையும் இருந்தால். பெண்கள் வராததற்குப் பெரிய காரணம் கழிப்பறையும் உடைமாற்றும் அறையும் இல்லாததுதான். அது இருக்கும் இடங்களில் கதவும் தண்ணீரும் இருப்பதில்லை. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அவர்களுக்குப் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஏரிக்குப் பக்கத்து நிறுத்தத்தில் கடைசிப் பேருந்து மாலை எத்தனை மணிக்கு என்ற விவரமும் ஒரு சுத்தமான கழிப்பறையும் சேர்ந்தால் மீதிப் பாதியும் தீரும்.

எப்போது போவது என்ற தகவலுக்குப் புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவம் தொடங்கியதும் நீர்வளத்துறை தன் ஏரிகளின் நிலவரத்தைத் தினமும் தொகுக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் அத்துறையின் 381 ஏரிகளிலும் செங்கல்பட்டில் 528 ஏரிகளிலும் எத்தனை முழுதாக நிறைந்தன, எத்தனை முக்கால், எத்தனை பாதி என்று நாளிதழ்களில் அந்த மாதங்களில் வரும் செய்தி அந்தத் தொகுப்பிலிருந்து வருவதுதான். அருவிகளில் குளிக்க அனுமதியா தடையா என்பதை வனத்துறையும் காவல்துறையும் காலையிலேயே முடிவு செய்துவிடுகின்றன. இந்த இரண்டு விவரங்களையும் அந்தந்த வட்டாரப் பேருந்து நிலையத்தில் ஒரு கரும்பலகையில் எழுதிப் போட ஒரு சாக்குக்கட்டியும் ஓர் ஊழியரும் போதும். காலை ஏழு மணிக்குள் எழுதினால், எட்டு மணி டவுன் பஸ்ஸில் ஏறுகிறவர் எந்த ஏரியில் கலிங்கு பாய்கிறது என்று தெரிந்தே ஏறுவார்.